தேயிலைக்குள் விழுந்த விமானம்

நான் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் ஒரு விமானம் செய்தார்கள். செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்த சேர். மற்றவர் என் சித்தி. மூன்றாவது ஆளாக என்னையும் சேர்க்கவேண்டும் என்று அந்த நாட்களில் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்லிவந்தேன். யாரும் மறுத்ததில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். உயர்தரப் பரீட்சை தேறி, நான் படித்த அதே பாடசாலையில் கீழ் வகுப்புகளுக்குச் சித்திரம் படிப்பித்தாள். லயத்து வீடுகளிலிருந்து சேலை கட்டிக்கொண்டு கைப்பையோடு வேலைக்குப் போகிறவர்கள் அப்போது எங்கள் தோட்டத்தில் அதிகமில்லை. அதனால் காலையில் அவள் படியிறங்கும்போது பக்கத்து வீடுகளில் பாத்திரம் கழுவுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணிக்கொண்டு நான் பின்னால் நடப்பேன்.

சேர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நியமனமாக எங்கள் மலைக்கு வந்திருந்தார். ஹல்துமுல்லையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். ஆறாம் வகுப்புப் பிள்ளையைக்கூட "இஞ்ச வாங்கோ" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். முதல் மாதம் முழுவதும் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தோம். பாடத்தைப் பற்றி என்றால் மணிக்கணக்காகப் பேசுவார். வேறெதைப் பற்றியும் அவருக்குப் பேசத் தெரியாது. ஆசிரியர் அறையில் யாராவது பெண் டீச்சர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டால், உடனே வெண்கட்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

வெளிநாட்டிலிருந்த அவருடைய அண்ணா ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். அதில் ஒரு ரிமோட், ஒரு மோட்டார், இரண்டு விசிறிகள், பேட்டரி, வாலை அசைக்கிற தீப்பெட்டி அளவிலான குட்டி மோட்டார்கள் எல்லாம் இருந்தன. உடம்பு மட்டும் இல்லை. அதை நாங்களே செய்துகொள்ள வேண்டும். பாடசாலை விளையாட்டுப் போட்டியன்று மைதானத்துக்கு மேலே விமானம் பறக்கவேண்டும் என்று சேர் அதிபரிடம் கேட்டார். பிள்ளைகளின் தலையில் விழாது என்றால் பறக்கட்டும் என்று அதிபர் அனுமதி கொடுத்தார்.

விமானத்தின் உடம்பை ரெஜிபோமில் வெட்டவேண்டும். பெரிய சாமான்கள் வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளைப் பலகை. கத்தி கொஞ்சம் சறுக்கினாலும் அது பிய்ந்து பொடிப்பொடியாகக் கொட்டும். சேர் வெட்டிய முதல் இறக்கை எலி கடித்தது போல இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, சித்தியைப் பார்த்து, "டீச்சர், உங்களுக்கு நேராய் வெட்ட வருமோ?" என்று கேட்டாராம். அவர் தன்னிடம் பேசிய முதல் வசனம் அதுதான் என்று சித்தி பின்னாளில் சொல்லியிருக்கிறாள்.

வார நாட்களில் நேரம் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்வது என்று முடிவானது. இதற்கு அம்மா இலகுவில் சம்மதிக்கவில்லை. அப்பா கொழுந்து லொறி ஓட்டுகிறவர்; லொறிக்கு அப்பால் எதிலும் தலையிடமாட்டார். தீர்ப்புகள் எல்லாம் அம்மாவுடையவை.

"செய்யி, வேணாங்கல. ஆனா பாப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போ" என்று என்னைக் காட்டிச் சொன்னாள் அம்மா. "வெளையாட்டுப் போட்டியோட முடிச்சிரணும். அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழம வீட்டுல இருக்கணும். வெளங்குதா?"

"வெளங்குது" என்றாள் சித்தி.

"பெரகலயில இருந்து ஆளுங்க வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க. அதையும் மனசுல வச்சுக்க."

பெரகலையில் போன் கடை வைத்திருந்த ஒருவரைச் சித்திக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் தெரியவில்லை. பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள், "படிச்சவரு, நல்லவருதான். ஆனா அவுங்க வீட்டுப் படியில நம்மள ஏத்துவாங்களா?" என்று பேசிக்கொள்வதும் என் காதில் விழுந்திருந்தது. அதைக் கேட்டு, சேரின் வீட்டுப் படி மிகவும் உயரமானது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

விஞ்ஞான அறையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு வேலை நடந்தது. சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கையை வெட்டினாள். ஒரு பொடிகூட உதிரவில்லை. சேர் அதன் ஓரங்களை மணல் தாளால் தேய்த்து, முன்பக்கம் உருண்டையாகவும் பின்பக்கம் மெல்லியதாகவும் கொண்டுவந்தார். உடைந்த குடையின் கம்பிகளை நிமிர்த்தி, குட்டி மோட்டாரையும் வாலையும் இணைத்தார்கள். இறக்கையை உடம்போடு ஒட்டவில்லை. ரப்பர் பட்டிகளால் இழுத்துக் கட்டினார்கள். ஏன் என்று கேட்டேன். "விழுந்தால் இறக்கை கழண்டு விழவேணும் பிள்ளை. ஒட்டினால் உடையும்" என்றார் சேர். பறப்பதற்கு முன்பே விழுவதைப் பற்றி யோசிக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை குறைந்தது.

உண்மையில் அவர் எப்போதும் அதையே யோசித்தார். பேட்டரியைச் சார்ஜ் பண்ணும்போது மண்சட்டிக்குள் வைத்துத்தான் பண்ணுவார். தீப்பிடித்தால் சட்டியோடு போகட்டும் என்பார். முதலில் ரிமோட்டைப் போடவேண்டும், பிறகுதான் பேட்டரியை மாட்டவேண்டும். கழற்றும்போது மாறி. பேட்டரி மாட்டிய நிமிஷத்திலிருந்து விசிறிக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது. இவற்றைச் சேர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்லவேண்டும். சித்தியும் சொல்லவேண்டும். அவள் வகுப்புப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். சேர் வெண்கட்டியைத் தேடுவார்.

எல்லாம் பூட்டி முடிந்ததும், இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் கொடுத்து விமானத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். சேர் ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம். அது தராசு போல நேராக நிற்கவேண்டும். மூக்கு ஒரு சொட்டுக் கீழே சரிந்தால் நல்லது, வால் சரிந்தால் ஆபத்து. எங்களுடைய விமானம் வால் பக்கம் சரிந்தது. பேட்டரியை முன்னுக்குத் தள்ளி மறுபடி தூக்கினார்கள். மறுபடி தள்ளினார்கள். சரியாக வந்த பிறகும் கனநேரம் விரலில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கை வலிக்காதா என்று நான் கேட்ட பிறகுதான் இறக்கினார்கள்.

என் பெருமைக்குரிய நாள் அடுத்த ஞாயிறு வந்தது. மைதானத்தின் ஒரு கோடியில் நான் விமானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, சேர் ரிமோட்டோடு மற்றக் கோடிவரை நடந்து போனார். தூரத்திலிருந்தும் ரிமோட்டின் சொல்லை விமானம் கேட்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. அங்கிருந்து வலது கையை உயர்த்திக் காட்டி, ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளினார். வால் இடப்பக்கம் திரும்பியது.

"சேர், மாறித் திரும்புது!" என்று கத்தினேன்.

அவர் ஓடி வந்தார். ரிமோட்டில் ஒரு சின்ன சுவிட்சை மாற்றிப் போட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இதைப் பார்க்காமல் எழுப்பியிருந்தால் எல்லாம் முடிஞ்சிருக்கும். பிள்ளைக்கு நல்ல கண்" என்றார். அன்றைக்கு எனக்கு ஒரு பதவி கிடைத்தது. விமானம் ஓட்டுகிறவர் விமானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கமுடியாது; ஆகவே பக்கத்தில் நின்று, கீழே ஆள் வருகிறதா, காற்று மாறுகிறதா, பனிமூட்டம் ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். மைதானத்தைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் பார்ப்பது என் வேலையாக இருந்தது. மைதானத்தில் நின்ற இருவரையும் பார்க்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

விளையாட்டுப் போட்டியன்று காலை வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. பிள்ளைகளையும் பெற்றோரையும் கயிற்றுக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள். சேர் கொஞ்சம் புல்லைப் பிய்த்து மேலே எறிந்து காற்றைப் பார்த்தார். காற்று வருகிற பக்கத்துக்கு மூக்கைத் திருப்பி வைத்தார். மோட்டார் சத்தமிட்டது. புல்லில் தத்தித் தத்தி ஓடிய விமானம் திடீரென்று சத்தத்தை மாற்றிக்கொண்டு மேலே எழுந்தது. யூகலிப்டஸ் மரங்களின் உயரத்தைத் தாண்டி, வெயில் பட்ட இறக்கையோடு ஒரு சுற்று வந்தது. கயிற்றுக்குப் பின்னால் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். இரண்டாவது சுற்றில்தான் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். அதிபர் ஒலிபெருக்கியில் பாடசாலையின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் விமானம் இறங்கிவிட்டது.

அத்தோடு ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்திருக்கவேண்டும். ஆனால் சேர் இன்னும் ஒரு நாள் கேட்டார். தானே வீட்டு வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டு, "அக்கா, டீச்சரும் ஒருக்கால் ஓட்டிப் பார்க்கவேணும். அவவும் செய்ததுதானே" என்றார். அம்மா தேநீர் கொடுத்தாள். வீட்டு வாசல்வரை வந்து கேட்ட ஒரு படித்தவரிடம் இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை. அவர் போனபிறகு சித்தியிடம், "இது ஒண்ணுதான். அடுத்த ஞாயிறு பெரகலக்காரவுங்க வாராங்க" என்றாள். சித்தி தலையாட்டினாள்.

சித்திக்கு ஓட்டத் தெரியாது என்று நினைக்கவேண்டாம். சேரின் மடிக்கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் ஒரு விளையாட்டு இருந்தது. வேலை செய்த ஞாயிறுகளில் பசை காயும் நேரத்தில் எல்லாம் அதில்தான் பழகினார்கள். விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும். பழகாதவர்கள் அங்கேதான் விழுத்துவார்கள். சேர்கூட இரண்டொரு தடவை விழுத்தியிருக்கிறார். சித்தி விழுத்தியதில்லை. நான் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

அந்த ஞாயிறு நாங்கள் மூவர் மட்டும்தான். வெள்ளனவே போய்விட்டோம். கீழே பள்ளத்தாக்கில் பனி இன்னும் எழும்பவில்லை. சேர் விமானத்தைக் கிளப்பி, நல்ல உயரத்துக்குக் கொண்டுபோய், ரிமோட்டைச் சித்தியின் கையில் கொடுத்தார்.

"பயப்பிடாதேங்கோ டீச்சர். மெல்ல."

"பயமில்லீங்க சேர்" என்றாள் சித்தி.

பயமிருந்ததாகத் தெரியவில்லை. ஒரு வட்டம் போட்டாள். இன்னொன்று போட்டாள். எங்களைப் பார்த்து நேரே வந்த விமானத்தைச் சிரமமே இல்லாமல் திருப்பினாள். சேர் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நல்லா வருது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் என்னைவிட நல்லா ஓட்டுறியள்" என்றார். அதற்குப் பிறகு அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று சித்தி காத்திருந்தாள் போலிருக்கிறது. அவர், "பேட்டரி இன்னும் கொஞ்ச நேரத்துக்குக் காணும்" என்றார்.

சித்தி விமானத்தை மைதானத்துக்கு வெளியே திருப்பினாள். அந்தப் பக்கம் சரிவில் தேயிலை மலை. விமானம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராகப் போனது.

"பாப்பா, அங்கிட்டுக் கீழ யாராச்சும் இருக்காங்களா பாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க வருவார்கள். ஆகவே நன்றாகப் பார்க்கவேண்டியிருந்தது. நான் மைதானத்தின் விளிம்புக்கு ஓடி, நிரை நிரையாகப் பார்த்தேன்.

"யாரும் இல்ல சித்தி!"

"நல்லா பாத்தியா? நாய், மாடு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணுமே இல்ல!"

மோட்டார் சத்தம் நின்றது. விமானத்தின் மூக்கு குனிந்தது. சேர் "டீச்சர்!" என்று கை நீட்டினார், அவருடைய கை ரிமோட்டைத் தொடுவதற்குள் அது தேயிலைக்குள் போய்விட்டது. காய்ந்த மிலாறுக் குச்சி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தி அழவில்லை. ரிமோட்டை என்னிடம் கொடுத்து, "இத வச்சுக்கிட்டு இங்கயே நில்லு. நாங்க போய்ப் பொறுக்கிக்கிட்டு வாறோம்" என்றாள். இருவரும் சரிவில் இறங்கினார்கள்.

விமானம் எங்கே விழுந்தது என்று எனக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். அது என் பதவி. ஆனால் அவர்கள் அங்கே போகவில்லை. பாதி வழியில், தேயிலைக்கு மேலே இரண்டு தலைகள் மட்டும் தெரிய, ஒரே இடத்தில் நின்றார்கள். சேர்தான் பேசிக்கொண்டிருந்தார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதைப் பாடத்துக்கு வெளியே நான் பார்த்ததில்லை. நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அங்க இல்ல சேர், இன்னும் கீழ! அந்தக் கல்லுக்குப் பக்கத்துல!" என்று கத்தினேன். இரண்டு தலைகளும் திரும்பவில்லை. மறுபடி கத்தினேன். சித்தி என்னைப் பார்க்காமலே ஒரு கையை உயர்த்திக் காட்டினாள்.

கடைசியில் மேலே வந்தபோது சித்தியின் கையில் உடைந்த இறக்கை இருந்தது. சேர் வாலோடு உடம்பைக் கொண்டுவந்தார். இறக்கை ரப்பர் பட்டியிலிருந்து கழன்று விழுந்தும், விழுந்த இடத்துக் கல்லில் பட்டு இரண்டாகப் போயிருந்தது. இவ்வளவு பெரிய நஷ்டத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் சித்தியோடு பேசவில்லை.

அவர்கள் கல்யாணம் அதற்கு அடுத்த வருடம் பதுளையில் ஒரு கோயிலில் நடந்தது. சேரின் வீட்டிலிருந்து அண்ணா மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்து நின்றார். அவருடைய அம்மா வரவில்லை. சித்திக்கு மகள் பிறந்து பல் முளைத்த பிறகுதான் அந்த அம்மா ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, நாலு நாள் நின்று, பனங்கட்டியும் ஒடியல் மாவும் வைத்துவிட்டுப் போனார். பெரகலைப் போன் கடைக்காரர் வேறிடத்தில் கல்யாணம் செய்து நன்றாக இருக்கிறார். என் முதல் போனை அவரிடம்தான் வாங்கினேன். இதெல்லாம் பிறகு நடந்தவை. எனக்கு அதிகம் ஞாபகத்தில் இருப்பது விமானம் விழுந்த அன்று பின்னேரம்.

அம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். சித்தி வெளியே பீலியடியில் சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி, சித்திக்கு விமானம் ஓட்டத் தெரியாது, எல்லாவற்றையும் நாசமாக்கிவிட்டாள் என்று முறைப்பாடு வைத்தேன்.

"எப்படி விழுந்திச்சு?" என்றாள் அம்மா. அக்கறையில்லாமல்தான் கேட்டாள்.

பார்வையாளர் பதவியில் இருந்தவள் என்ற முறையில் நான் ஒழுங்காகச் சொன்னேன். "காத்தே இல்லம்மா. பேட்டரியும் இருந்திச்சு. நேராத்தான் போய்க்கிட்டிருந்திச்சு. கீழ யாராச்சும் இருக்காங்களான்னு சித்தி கேட்டாங்க. இல்லன்னேன். நல்லா பாத்தியான்னு திரும்பக் கேட்டாங்க. ஒண்ணுமே இல்லன்னேன். அப்பறம் விழுந்திருச்சு."

அம்மாவின் கை மாவுக்குள் நின்றது.

"கேட்டதுக்கு அப்பறமா விழுந்திச்சு?"

"ஆமா."

அவள் திரும்பி, திறந்திருந்த கதவு வழியாகப் பீலியடியைப் பார்த்தாள். சித்தி கழுவி முடிந்த காலையே இன்னும் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா கனநேரம் பார்த்தாள். கோபப்படப் போகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அவளோ மறுபடி மாவைப் பிசைய ஆரம்பித்தாள்.

"திரும்பச் செய்ய எவ்வளவு காலம் ஆகும்?"

"ரெக்கைய முழுசாப் புதுசா வெட்டணும். அதுக்குள்ள காத்துக் காலம் வந்துரும். அது முடிஞ்சுதான் பறக்கவிடலாம்னு சேர் சொன்னாரு."

"அப்ப ஆவணி ஆகும்."

"ஆகும்."

"சரி, ஆகட்டும்" என்றாள் அம்மா. "பெரகலக்காரவுங்கள இப்ப வரவேணாம்னு அப்பாகிட்டச் சொல்லிவிடணும்."

அடுத்த ஞாயிறு காலை சித்தியும் நானும் புறப்பட்டபோது, அம்மா ஒரு பார்சலை என் கையில் வைத்தாள். ரொட்டியும் கட்டச் சம்பலும். மூன்று பேருக்குக் காணும். போகிற வழியில் சித்தியோடு எனக்கிருந்த கோபம் எப்படியோ போய்விட்டது. அந்த வாரம் முழுவதும் நான் அம்மாவுக்கு வால் எப்படித் திரும்பும், மூக்கு ஏன் பாரமாக இருக்கவேண்டும் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எங்கள் வீட்டில் இவ்வளவு காலமும் விமானத்தை எதிர்த்துவந்த ஒரே ஆளையும் என் விளக்கத்தால் வென்றுவிட்டேன் என்று நான் மனதார நம்பினேன்.